தெரியாதவளின் நியாயம்

ஆயில் சீல் என்பது ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். உள்ளுக்குள் மெல்லிய இரும்புத் தகடு, உட்புறம் கூரான ஒரு ரப்பர் உதடு, அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்கக் குழந்தை வளையல் போல ஒரு நுண்ணிய ஸ்பிரிங். மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் இரண்டு கால்கள் மாதிரி நிற்கிறதே, அந்த ஃபோர்க்கில் காலுக்கு ஒன்றாக இரண்டு சீல்கள் இருக்கும். பளபளப்பான ஸ்டீல் பைப் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. டர்ட் பைக்கில் அந்தப் பைப் ஒரு சாணுக்குக் குறையாமல் ஏறி இறங்கும். செம்மண் பாதையில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் நிறுத்தினால் சேறு பைப்பில் காய்ந்துவிடும். அடுத்த முறை பள்ளத்தில் இறங்கும்போது அந்தக் காய்ந்த மண் சீலின் உதட்டுக்கடியில் புகுந்து கீறும். பிறகு ஒருநாள் பைப்பைச் சுற்றி ஈரமாக ஒரு வட்டம் தெரியும். தொட்டால் எண்ணெய். இது யாருடைய குற்றமும் இல்லை. செருப்பு தேய்வதைப் போல, சீல் போகும்.

அப்படியே விட்டுவிடவும் முடியாது. வழிகிற எண்ணெய் கீழே இருக்கிற பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கினால் முன் பிரேக் பிடிக்காது. எண்ணெய் குறைந்த ஃபோர்க் பள்ளத்தில் இறங்கியதும் அடங்காமல் குதிக்கும். எனவே மாற்றியாக வேண்டும். ஒரு ஜோடி சீலுக்குச் சில நூறு ரூபாய், கொஞ்சம் ஃபோர்க் ஆயில், அரைநாள் கூலி. செலவு என்று பார்த்தால் இவ்வளவுதான்.

ஆனால் பட்டறைக்குப் போகிறவள் பெண் என்றால் இந்தக் கணக்கு எப்படியெல்லாம் வளரும் என்பது வண்டி வைத்திருக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வண்டிக்கு மட்டுமல்ல, பிளம்பரிடம், வீடு கட்டுகிற மேஸ்திரியிடம், கம்ப்யூட்டர் கடையில், எங்கும் இதே கதைதான். இதற்கு நாமே நமக்குள் சொல்லிக்கொள்கிற பதில் ஒன்று உண்டு: கற்றுக்கொள். தெரிந்தவளை யாரும் ஏமாற்ற முடியாது. பெண்களுக்கான வண்டி ஓட்டும் குழுக்களிலும் பயிற்சி முகாம்களிலும் தவறாமல் கேட்கிற வாசகம் இது. நானும் கற்றுக்கொண்டேன், வீட்டில் உட்கார்ந்து இரண்டு சீலையும் மாற்றினேன். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும் அந்த பதில் என்னை விடாமல் உறுத்துகிறது. ஒருத்தி நியாயமாக நடத்தப்படுவதற்கு எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே பேசினால் இது வெறும் வாய்ப்பேச்சாகிவிடும்.

சீலை மாற்றாமலேயே ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். பல நேரம் சீல் கிழிந்திருக்காது, உதட்டுக்கடியில் மண்துகள் மாட்டியிருக்கும். மேலே இருக்கிற டஸ்ட் சீலை நெம்பி நகர்த்திவிட்டு, பழைய கேமரா நெகட்டிவ் துண்டு ஒன்றைப் பைப்புக்கும் சீலுக்கும் நடுவில் நுழைத்துச் சுற்றிவர இழுத்தால் துகள் வந்துவிடும். எங்கள் வீட்டில் நெகட்டிவுக்குப் பஞ்சமில்லை. அம்மா தேடி எடுத்துக் கொடுத்தது என் காதுகுத்து விழாவினுடையது. நான்கு நாள் கசிவு நின்றது. ஐந்தாம் நாள் மறுபடி ஈரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் மேனுவலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம், நானும் அம்மாவும். இந்த வண்டிகளுக்கு நடு ஸ்டாண்ட் கிடையாது. எஞ்சினுக்கு அடியில் செங்கல்லும் பலகையும் அடுக்கி முன்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினோம். பிரேக் காலிப்பரைக் கழற்றி, ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியால் ஹேண்டில்பாரில் கட்டினோம். கழற்றுகிற வரிசைதான் இந்த வேலையில் பாதி அறிவு. ஃபோர்க் வண்டியில் மாட்டியிருக்கும்போதே மேல் கிளாம்பைத் தளர்த்தி, மேல்மூடியையும் அடியில் இருக்கிற ஆலன் போல்ட்டையும் கொஞ்சம் இளக்கிவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகு இறுக்கிப் பிடிக்க ஆதாரம் இருக்காது. அடி போல்ட்டைத் திருகினால் உள்ளே இருக்கிற குழலும் சேர்ந்தே சுற்றும். ஸ்பிரிங்கின் அழுத்தம் மேலே இருக்கிறவரைதான் அது அடங்கி நிற்கும். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் ஒரு வரியில் முடிகிற விஷயம். ஆள் இல்லாதவளுக்கு ஒரு நாள் போகிற விஷயம். பையன்கள் பதின்மூன்று பதினான்கு வயதில் தெருமுனைப் பட்டறையில் சும்மா நின்று வேடிக்கை பார்த்தே கற்றுக்கொள்கிற வரி அது. நமக்குத் தெருமுனையில் சும்மா நிற்கிற உரிமை எந்த வயதில் இருந்தது?

மேல்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் துள்ளும், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். எண்ணெயைக் கவிழ்த்தபோது சாம்பல் நிறத்தில், மீன் கழுவிய தண்ணீர் நாற்றத்தோடு வந்தது. பைப்பை வெளியே இழுத்ததும் நான் செய்த முதல் காரியம், அலமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் பைப்பை உருட்டிப் பார்த்தது. வளைந்த பைப் தத்தித் தத்தி உருளும், அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும். இரண்டு பைப்பும் சீராக உருண்டன. ஏன் இந்தச் சோதனை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அடுத்து நகத்தால் தடவிப் பார்த்தேன். இடது பைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் நகத்தில் தட்டியது. 2000 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து மெல்லத் தேய்த்ததும் நகம் தடங்கலில்லாமல் போனது. அதை விட்டுவிட்டுப் புதுச் சீல் போட்டிருந்தால் அதுவும் கிழிந்திருக்கும்.

பழைய சீலை நெம்பி எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, குக்கர் கேஸ்கெட்டாட்ட இருக்குது கண்ணு. இதுல எந்தப் பக்கம் உள்ள போகோணும்?" என்றார்.

மேனுவலில் கொட்டை எழுத்தில் எச்சரித்திருக்கிற கேள்வி அது. ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் சீல் நிற்காது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகூடப் பழக்கமில்லாத அம்மா இதை எப்படிக் கேட்டார்? நாற்பது வருடமாகக் குக்கர் கேஸ்கெட் மாற்றுகிறவர் அவர். ஆவி எந்த இடத்தில் கசிகிறது, ரப்பர் இறுகிவிட்டதா, தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் ஒரு வாரம் ஓடுமா என்று பார்த்த பார்வையிலேயே சொல்வார். தையல் மெஷினில் நூல் அறுந்தால் பாபின் கேஸைக் கழற்றி, ஸ்க்ரூவைக் கால் திருகு திருகி, எண்ணெய் விட்டு ஓட்டிவிடுவார். கிரைண்டர் பெல்ட் தளர்ந்தால் அவர்தான் சரிசெய்வார். இதையெல்லாம் யாரும் மெக்கானிக் வேலை என்று சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. அழுத்தத்தில் இருக்கிற ஒன்றை ஒரு ரப்பர் வளையத்தால் அடக்கி வைப்பது சமையலறையில் நடந்தால் அது வீட்டுவேலை. பட்டறையில் நடந்தால் தொழில்நுட்பம். பெண்களுக்கு இயந்திரம் தெரியாது என்கிற பேச்சில் பாதி, எதை இயந்திரம் என்று எண்ணுகிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது.

மீதி வேலை சுகமானது. பைப்பின் விளிம்பு புதுச் சீலின் உதட்டைக் கிழிக்காமலிருக்க எண்ணெய் தடவிய பாலிதீன் காகிதத்தைப் போர்த்தி, அதன்மேல் சீலை நழுவ விட வேண்டும். அடித்து இறக்க விலை உயர்ந்த கருவி விற்கிறார்கள்; அளவாக வெட்டிய பிவிசி பைப்பே போதும். மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சத்தம் மாறும், சர்க்ளிப் உட்காருகிற பள்ளம் முழுதாகத் தெரியும். அடி போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். எண்ணெயை ஊற்றி, மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, ஸ்பிரிங் இல்லாமல் முழுவதும் அமுக்கி வைத்து, பைப்பின் வாயிலிருந்து எண்ணெய் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு காலிலும் அந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஆக்ஸிலை இறுக்குவதற்கு முன் ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டால் இரண்டு காலும் தாமாக நேராகிக்கொள்ளும்.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது: "ஏங்கண்ணு, ஆம்பளை வேலையெல்லாம் நீ பாக்கறே?" பரிவான குரல்தான். ஆனால் அந்தக் கணத்தில் நான் கால்களை அகல விரித்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது என் நினைவுக்கு வந்துவிட்டது. அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசுகிறது. பெண்பிள்ளைகள் பந்தை எறியும்போது உடம்பு முழுவதையும் பயன்படுத்தாமல் கையை மட்டும் வீசுகிறார்களே, ஏன்? எலும்பிலோ தசையிலோ உள்ள குறை அல்ல அது. தன் உடம்பைக் காரியம் செய்கிற உடம்பாகவும், பிறர் பார்க்கிற பொருளாகவும் ஒரே நேரத்தில் சுமக்கப் பழக்கப்பட்டதன் விளைவு என்றார் யங். இறுகிப்போன போல்ட்டை வெறும் மணிக்கட்டால் திருக முடியாது. ஸ்பானரின் மேல் உடம்பைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, அசிங்கமாக முக வேண்டும். அந்த அசிங்கத்துக்கு அனுமதி கிடைக்கிற இடம் வீட்டின் பின்கட்டு மட்டுமாக இருப்பது எனக்கு ஒரே நேரத்தில் ஆறுதலாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

இனி கண்ணாடிச் சோதனைக்கு வருகிறேன்.

கோவை பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்கிற ஊர். பட்டறைக்கும் லேத்துக்கும் இங்கே குறைவே இல்லை. நெகட்டிவ் முயற்சி தோற்ற மறுநாள் நான் ஒரு பட்டறைக்குத்தான் போனேன். வண்டியை விட்டுவிட்டால் திரும்பக் காரில் கூட்டிவர என் தம்பியும் வந்திருந்தான். அவனுக்கு பைக் ஓட்டத் தெரியாது; கிளட்ச் எந்தக் கையில் இருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். "இடது ஃபோர்க்ல ஆயில் கசியுதுங்ணா, ரெண்டு வாரமா" என்றேன். உரிமையாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து தம்பியிடம் பதில் சொன்னார்: "பைப்பு ரெண்டும் வளைஞ்சிருச்சுங்க தம்பி. அசெம்பிளியோட மாத்திரலாம். பதினோராயிரம் ஆகும்." சீல் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டது நான். "அது நிக்காதுங்க" என்ற பதில் போனதும் தம்பிக்குத்தான். எங்கே ஓட்டினேன், வண்டி விழுந்ததா, எங்காவது மோதியதா என்று ஒரு கேள்வி இல்லை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

வண்டியை வெளியே தள்ளிவர ஒரு பையன் உதவினான். பதினாறு வயது இருக்கலாம். தெருவுக்கு வந்ததும், "சீல் மட்டுந்தானுங்க்கா போயிருக்குது. பைப்பு நல்லாருக்குது. நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். (அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

பேசுகிறவர் யார் என்பதை வைத்து அவர் சொல்வதன் எடையைக் குறைத்து மதிப்பது ஒரு தனிவகை அநீதி என்று மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் வெளிவந்த நூலில் விரிவாக வாதிட்டார். பணத்திலோ உடம்பிலோ விழுகிற அடியல்ல. தெரிந்தவள் என்கிற தகுதியின் மேல் விழுகிற அடி. அது சரிதான். ஆனால் அதையும் தாண்டிய ஒன்று பட்டறையில் நடந்தது. உரிமையாளர் பொய் சொன்னாரா, பழக்க தோஷத்தில் அப்படிச் சொன்னாரா என்பதை அந்த இடத்தில் நான் தீர்மானிக்க வழியே இல்லை. அவர் சொன்னது எதுவாக இருந்தாலும் ஏற்க வேண்டிய, அல்லது வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய நிலை. இதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது. பணிவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதற்கு மருந்து கற்றுக்கொள்வதுதானா? ஒரு வகையில் பலித்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பழைய சீலின் மேல் அச்சிட்டிருந்த 37, 50, 11 என்கிற மூன்று எண்களைச் சொல்லிக் கேட்டபோது கடைக்காரரின் குரலே மாறியது. "யாருக்குங்க மேடம்?" என்று தொடங்கியவர், "இந்த மேக் வேண்டாங்க, அது எடுங்க" என்று முடித்தார். இனித்தது. இனித்ததால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பரீட்சையில் தேறியவளுக்கு நியாயம் பரிசு. தேறாதவளுக்கு? அவள் ஏமாற்றப்பட்டால், "முன்னாடியே கொஞ்சம் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டாமா?" என்போம். இரவில் ஏன் போனாய், அந்த உடையை ஏன் போட்டாய் என்கிற கேள்விகளின் தங்கைதான் இந்தக் கேள்வியும். ஏமாற்றியவரை விட்டுவிட்டு ஏமாந்தவளிடம் கணக்குக் கேட்கிறது.

பைக் பழுதுபார்ப்பதைத் தத்துவமாக்கிய புகழ்பெற்ற புத்தகம் ஒன்று உண்டு, 1974-இல் ராபர்ட் பிர்சிக் எழுதியது. அதில் கதைசொல்லியின் நண்பர் ஜான் தன் வண்டியைத் தானே பழுது பார்க்க மறுக்கிறவர். ஹேண்டில்பார் வழுக்கினால் பீர் டின்னை வெட்டித் தகடாக வைத்து இறுக்கலாம் என்று சொன்னதற்கே மனம் புண்படுகிறவர். தொழில்நுட்பத்திடமிருந்து அவர்கள் ஓடுகிறார்கள் என்று கதைசொல்லி நினைக்கிறார். ஜானின் மனைவி சில்வியா பின்சீட்டில் வருகிறார். ஜானுக்கு அது சரியான விமர்சனமாக இருக்கலாம். அவர் கதவு திறந்திருந்தும் உள்ளே போகாதவர். வாசலிலேயே நிறுத்தப்பட்டவளையும் ஓடிப்போனவனோடு சேர்த்து ஒரே மனக்குறையாகப் பார்க்க முடியாது. நல்ல புத்தகம், ஆனால் பின்சீட்டிலிருந்து எழுதப்பட்டதல்ல.

தெரிந்தவளுக்கு மரியாதை நிச்சயம் என்பதும் உண்மையில்லை. பியட்ரிஸ் ஷில்லிங் (1909–1990) பிரிட்டிஷ் பொறியாளர். பதினான்கு வயதில் சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பூட்டியவர். 1934-இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் தன் நார்ட்டனை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில், சட்டென்று மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தால் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின் கார்புரேட்டரில் எரிபொருள் நிறைந்து எஞ்சின் திணறும். எதிரி தப்பித்துவிடுவான். 1941-இல் ஷில்லிங் கண்டுபிடித்த தீர்வு, எரிபொருள் வரத்தை அளவோடு நிறுத்துகிற, நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. விரல் நுனியில் வைத்துக்கொள்ளலாம். விமானத்தளம் விமானத்தளமாகப் போய் அதைப் பொருத்த வைத்தார். விமானப்படையினர் அந்தத் துண்டுக்கு வைத்த செல்லப்பெயர் அவர் பெயரையும் 'துளை' என்ற சொல்லையும் சேர்த்த ஆபாச சிலேடை. பல விமானிகளின் உயிரைக் காத்த அறிவுக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. இதற்கு மேல் ஒருத்தி என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் யாராலும் கற்க முடியாது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது லென்ஸ் வகைகளைப் பற்றி ஒரு வாரம் படித்தேன். மருத்துவர் கத்தியை எடுத்தபோது அந்த ஒரு வாரப் படிப்பால் ஒரு பயனும் இல்லை. நம்பித்தான் ஆக வேண்டும். எனவே கேள்வி நம்பலாமா வேண்டாமா என்பதல்ல. எப்படிப்பட்ட நம்பிக்கை ஒழுங்கானது என்பதுதான்.

நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த அன்னெட் பேயர் 1986-இல் நம்பிக்கையைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே எனக்குக் கைகொடுக்கிறது. மேற்கத்திய ஒழுக்கவியல் பெரும்பாலும் சமமான இருவர் போடுகிற ஒப்பந்தத்தையே மாதிரியாக வைத்துப் பேசியது என்பது அவர் குற்றச்சாட்டு. சமமில்லாதவர்களுக்கு இடையே, ஒருவர் கையில் இன்னொருவர் இருக்கிற உறவுகளில் உருவாகிற நம்பிக்கையை அது கவனிக்கவில்லை. பெண்கள் வாழ்ந்ததெல்லாம் அந்த உறவுகளில்தான். நம்புவது என்றால் இன்னொருவர் நமக்குத் தீங்கு செய்யக்கூடிய இடத்தை அவரிடம் விட்டுக்கொடுப்பது, செய்யமாட்டார் என்று எதிர்பார்ப்பது. இந்த நம்பிக்கை ஒழுங்கானதா என்று பார்க்க அவர் சொல்லும் சோதனை எளிமையானது. மற்றவர் எதைச் சார்ந்து இந்த உறவைத் தொடர்கிறார் என்பது இருவருக்கும் வெளிச்சமானால் நம்பிக்கை தாங்குமா, உடையுமா?

பட்டறையில் வைத்துப் பார்க்கலாம். எனக்குத் தெரியாது என்பதைச் சார்ந்துதான் அந்தப் பதினோராயிரம் நின்றது. அது எனக்குத் தெரிந்த கணத்தில் எல்லாம் உடைந்தது. இப்போது நான் போகிற வேறொரு மெக்கானிக் இருக்கிறார். செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றினால் பழையதை எடுத்துக் காட்டுவார், பல் எப்படிச் சுறாப்பல் மாதிரி சாய்ந்திருக்கிறது பாருங்கள் என்பார், காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார். என்னை விட அவருக்கு நூறு மடங்கு தெரியும். அந்த இடைவெளி குறையவில்லை. ஆனால் அவர் எதைச் சார்ந்திருக்கிறாரோ அதை என் முன்னால் விரித்து வைக்கத் தயங்குவதில்லை. எனக்கு எவ்வளவு தெரியும் என்பதல்ல அளவுகோல், அவர் எவ்வளவு திறக்கிறார் என்பதுதான். தெரியாதவளுக்கு முன்னாலும் திறக்கிறவர்தான் நேர்மையானவர். தெரிந்தவளுக்கு முன்னால் மட்டும் திறக்கிறவர் பயப்படுகிறார்.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளின் தரம், விலை பற்றி மட்டுமல்ல, சேவையின் தரம், விலை பற்றியும் தகவல் பெறுவது நுகர்வோரின் உரிமை. தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாட்டுக்குள் வரும். நுகர்வோருக்கு ஃபோர்க் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியில்லை.

அப்படியானால் வீட்டில் சீல் மாற்றியது வீணா? இல்லை. ஆனால் அதைச் சுதந்திரம் என்று கொண்டாடும்போது பட்டறையில் நின்ற அந்தப் பையன் என் முன்னால் வந்து நிற்கிறான். எனக்குச் சுதந்திரமாக இருக்கிற வேலை அவனுக்குத் தினக்கூலி. டார்க் ரெஞ்ச் வாங்கப் பணமும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீணாக்க நேரமும் எனக்கு இருந்தன. கையைக் கிரீஸில் விடுவதை நான் படமெடுத்துப் போட்டால் பாராட்டு வரும். அவன் நகக்கண்ணில் இருக்கிற அதே கிரீஸைப் பார்த்துப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். லாகூரில் நிகழ்த்த முடியாமல் போன 1936-ஆம் ஆண்டு உரையில் அம்பேத்கர், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்றார். கைவேலையின் மேன்மையைப் பற்றிப் பேசுகிற நம் உற்சாகம் அந்த அடுக்கை மறந்துவிடுகிறது. பெண்கள் எல்லோரும் தாமே செய்துகொள்ளத் தொடங்கினால் அவனுக்கு வேலை குறையும். அவன் அக்காவுக்கு அந்தப் பட்டறையில் வேலை கிடைத்துவிடாது. எனக்கு வேண்டியது இரண்டாவது. பிரித்துப் பார்க்கிற அறிவு பெண்களின் தனித்தனிப் பின்கட்டுகளில் தேங்கி நிற்பதால் மட்டும் பட்டறை மாறாது.

கண்ணாடியின் மேல் பைப்பை உருட்டுவதற்கு முன்பே நான் அவனை நம்பிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் சொல்லாவிட்டால் உருட்டிப் பார்க்கவே தோன்றியிருக்காது. சொல்வதால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை, இழப்பதற்கு வேலை இருந்தது. பேயரின் சோதனையில் தேறிய நம்பிக்கை அன்று அந்தத் தெருவில் இருந்தது என்றால் அது இதுதான். அறிவு அதற்குப் பிறகுதான் வந்தது.

திரும்பிப் போய் அந்த உரிமையாளரிடம் கேட்டாயா என்று தோழிகள் கேட்கிறார்கள். பைப் நேராக இருப்பதை நிரூபிக்க முடியும், சட்டமும் என் பக்கம் இருக்கிறது. கேட்டிருந்தால் அவருடைய முதல் வார்த்தை "யார் சொன்னது?" என்பதாகத்தான் இருக்கும். நானே உருட்டிப் பார்த்தேன் என்று சொல்லலாம். தன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடத் தகுதியில்லாதவள் என்று அவர் நினைத்த ஒருத்தி தானாகவே கண்டுபிடித்தாள் என்பதை அவர் நம்பமாட்டார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். அன்று என் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவரை வந்தவன் ஒருவன்தான்.